ஊட்டிய கை

நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் பொத்தான் அக்கா அதில் உட்காரமாட்டார். மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் தேநீர்க் கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் அசைப்பார். குனிந்து அதன் கால்களைப் பார்ப்பார். "கைப்பிடி இல்ல. முட்டி வலிக்காரங்க இதுல உக்காந்தா எந்திரிக்க ஆள் தேடணும்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிறகு அதிலேயே உட்காருவார். அங்கே வேறு நாற்காலி கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

ஆளின் முகத்துக்கு முன் கையைப் பார்ப்பது இன்னொரு பழக்கம். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை வரிசையாக நோட்டம் விட்டுக்கொண்டே வருவார். "அந்தக் கட்டைவிரல எங்கயோ பாத்திருக்கேனே" என்று யோசித்து, விரலிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து முகத்துக்கும் ஏறி, "அட, நீங்களா! என்னமா புடிக்கிறீங்க!" என்று மொத்தப் பேருந்தும் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போடுவார். கம்பியைப் பிடித்ததற்காக ஒரு மனிதரைப் பாராட்டுகிறவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எனக்கு அவர் பழக்கமானதும் கை வழியாகத்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மரக்கட்டைபோல நின்றதால் அவரிடம் அனுப்பினார்கள். பேனா பிடிக்க வரவில்லை என்று புலம்பினேன். "எழுத்துக்காரரே, பேனா எங்கயும் ஓடிடாது. மொதல்ல சட்டையக் கழட்டி மாட்டுங்க, பாப்போம்" என்றார்.

அக்கா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நோயோ விபத்தோ ஒருவரைப் புரட்டிப் போட்ட பிறகு, குளிப்பது, உடுப்பது, உண்பது, பூட்டைத் திறப்பது போன்ற அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ள மறுபடி பழக்குகிற வேலை. பக்கத்து அறையில் இருக்கும் பிசியோதெரபியோடு இதைக் குழப்பாதவர்கள் குறைவு. அக்கா அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: "நடக்க வைக்கிறது அவங்க. நடந்து போயி என்ன செய்யப் போறீங்கன்னு கேக்கறது நாங்க."

அவருடைய பணியறை, யாரோ ஒரு வீட்டைக் கலைத்துப் போட்டதுபோல் இருக்கும். ஒரு மூலையில் யாரும் சமைக்காத அடுப்பும் தண்ணீர் வராத குழாயும். இன்னொரு மூலையில் எந்த மாடிக்கும் போகாத நான்கு படிகள். சுவரில் ஒரு பலகை முழுக்கத் தாழ்ப்பாள், பூட்டு, சுவிட்ச். நடுவில் நீள மேஜை. அதன்மேல் விரல் பலத்துக்குப் பிசையும் பச்சை நிறக் களி, துணி உலர்த்தும் கிளிப்புகள், பிடி தடிக்கப் பஞ்சுக்குழாய் சுற்றிய கரண்டிகள். அப்புறம் அந்தச் சட்டை. ஒரு அட்டையில் இழுத்துத் தைத்த, யாரும் போடாத, பல அளவுப் பொத்தான்கள் வைத்த சட்டை முன்பக்கம். எல்லோரையும் அதில்தான் தொடங்கச் சொல்வார். அந்தச் சட்டை அவருக்குப் பெயரும் கொடுத்துவிட்டது. வரவேற்பில் "தெரபிஸ்ட் இருக்காங்களா" என்று யாரும் கேட்பதில்லை. "பொத்தான் அக்கா வந்தாச்சா?"

ஒரு முன்னாள் பேருந்து ஓட்டுநர் அந்தச் சட்டையோடு மல்லுக்கட்டுவதை நான் களி பிசைந்தபடி பார்த்திருக்கிறேன். வியர்த்துவிடும் அவருக்கு. பொத்தான் துளையின் வாசல்வரை வந்து நழுவும். "அவசரமே இல்ல. பஸ்ஸு உங்களத்தான் காத்துக்கிட்டு நிக்குது" என்பார் அக்கா. ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்து பொத்தான் இன்னொரு தடவை நழுவும்.

இந்தப் படிப்பை அக்கா தேடிப் போகவில்லை. டாக்டராக ஆசைப்பட்டு, அதற்கு இடம் கிடைக்காமல், கிடைத்ததில் சேர்ந்தார். "சட்டை மாட்டி விடறதுக்கு எதுக்கும்மா இத்தனை வருஷப் படிப்பு?" என்று அப்பா கேட்டாராம். "மாட்டி விடறதுக்கு இல்லப்பா, மாட்டி விடாம இருக்கறதுக்கு" என்று பதில் சொல்ல அன்றைக்கு அக்காவுக்குத் தெரியவில்லை. அது தெரியாததால்தான் முதல் தேர்வில் கோட்டை விட்டார்.

படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடிந்தால் போதாது. கவுன்சில் நடத்தும் தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்கினால்தான் இந்த வேலையைப் பார்க்கலாம். எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டார். செய்முறைத் தேர்வில் ஒரு கை விளங்காதவராக நடிக்க ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். ஒற்றைக் கையால் ஷூ கயிறு கட்ட அவருக்குச் சொல்லித்தர வேண்டும். மனிதர் பிரமாதமாக நடித்தார். கயிறு நழுவியது. மறுபடி நழுவியது. நிமிர்ந்து, கன்றுக்குட்டிபோல ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், அக்கா மண்டியிட்டு முடிச்சுப் போட்டு, அழகாக வளையமும் வைத்துவிட்டு எழுந்தார். தேர்வாளர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். "நல்லாக் கட்டுனீங்கம்மா. நாளைக்குக் காலையில இவரு யாரக் கூப்பிடுவாரு?"

"என் கை இருக்கே, எனக்கு முன்னாடி ஓடிடும்" என்பார் அக்கா. அடுத்த தேர்வுவரை, வீட்டில் யார் எதைக் கீழே போட்டாலும் எடுத்துக் கொடுப்பதில்லை என்று விரதம் இருந்தார். மகளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று அம்மா திட்டித் தீர்த்தார். தேர்வில் தேறினார்.

லைசென்ஸ் அட்டை வந்த வருடமே கல்யாணமும் நடந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மாடியில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாகத் தங்கிவிடும். பழுது பார்த்து முடித்ததும் லிஃப்ட்டின் பக்கச் சுவரை இரண்டு தட்டுத் தட்டி "போய்ட்டு வா" என்று அனுப்பி வைப்பது அவர் வழக்கம். அவரும் லைசென்ஸ் வைத்திருந்தார். இரண்டு அட்டைகளையும் ஒன்றாக வைத்து, "நீ மனுஷனத் தூக்கி விடுற. நான் மனுஷனத் தூக்குற பெட்டியத் தூக்கி விடுறேன். ரெண்டும் ஒரே தொழில்தான் போ" என்று சிரிப்பாராம்.

இந்தத் தொழிலில் அட்டையை வாங்கிவிட்டால் மட்டும் ஆயிற்றா? சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்த இடைவெளியில் குறிப்பிட்ட நேரம் நோயாளிகளோடு வேலை பார்த்திருக்க வேண்டும், புதுவகைச் சிகிச்சைகளுக்கான வகுப்புகளிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். "களி பிசையறதுக்குத் திரும்பவும் பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுத்தபடியே அக்கா போய் வருவார். அப்படி ஒரு வகுப்பில்தான், சுடுதண்ணீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகட்டைக் கையின்மேல் வைத்து ஸ்பிளிண்ட் அச்சு வார்க்கக் கற்றுக்கொண்டார். விளங்காத கையின் விரல்கள் உள்ளே மடங்கிப் போகாமல் அது தாங்கி நிற்கும். அந்த வேலையில் அவர் கை தேர்ந்தது. எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்தார்.

மகள் படித்து முடித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குக் குடிபோனாள். வீட்டில் இருவர் மட்டும். ஒருநாள் காலை, கணவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் நழுவி விழுந்தது. விழுந்த டம்ளரை அவர் பார்க்கவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"டம்ளர் விழறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார் அக்கா. "வாய் ஒரு பக்கமா எறங்குறதப் பாத்துட்டேன். பேரு கேக்கணும், கையத் தூக்கச் சொல்லணும். அதெல்லாம் ஊருக்கே சொல்லிக் கொடுத்தவ நான். ஆம்புலன்ஸக் கூப்ட்டுட்டேன், ஆனா பேரு மட்டும் கேக்கல. சொல்ல வராமப் போயிட்டா என்ன பண்றது?"

பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் பாதி போயிற்று. அக்கா வேலை பார்த்த அதே பிரிவில்தான் சிகிச்சை. சொந்தக் குடும்பத்துக்குத் தானே பார்ப்பது வழக்கமில்லை என்பதால் உடன் பணிபுரிபவர்கள் பார்த்தார்கள். அங்கே அவர் நல்ல பிள்ளையாகச் செய்தார். கோலைப் பிடித்தார், கிளிப்பை அழுத்தினார், தடித்த பிடிக் கரண்டியில் மசித்த சோற்றை அள்ளி, நெஞ்செல்லாம் சிந்தி, ஒரு வாய் சாப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவுக்கு நம்பிக்கை வந்தது. விடுப்பு எடுத்து, பிறகு வேலையையே விட்டு, அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். யாருக்கு வாய்க்கும் இப்படி? வீட்டிலேயே தெரபிஸ்ட்.

வீட்டில் அவர் கரண்டியைத் தொடவில்லை.

அக்கா எதிரே உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு மதியம் அக்கா விடவில்லை. கிண்ணத்தை வைத்து, கரண்டியைக் கையில் பொருத்தி, காத்திருந்தார். கணவர் முயன்றார். சோறு மடியில் விழுந்தது. மறுபடி முயன்றார், கன்னத்தில் அப்பியது. அழுதார். திருமணமான நாளிலிருந்து அக்கா பார்த்திராத அழுகை. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "நீ... வேணாம். மத்தவங்க... பாக்கலாம். நீ... பாக்காத."

பிறகு கரண்டியை வீசினார். அது அடுப்படிவரை போய் விழுந்தது.

"போய் எடுத்தேன். கழுவுனேன். வந்து ஒரு வாய் ஊட்டுனேன். வாயத் தொறந்து வாங்கிக்கிட்டாரு." இதைச் சொல்லும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை. சிற்றுண்டிச்சாலையின் எதிர் மேஜையில் ஒரு நர்ஸ் பிஸ்கட் உறையைக் கிழிக்க முடியாமல் பல்லால் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதோட முடிஞ்சு போச்சுங்க."

மறுநாளும் ஊட்டினார். அதற்கடுத்த நாளும். சட்டைப் பொத்தான்களையும் அவரே போட்டுவிட்டார், முகத்தையும் துடைத்துவிட்டார். இன்றைக்கு ஒருநாள் போகட்டும், நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வேலை இல்லாத கை மெல்ல மூடத் தொடங்கியது. ஸ்பிளிண்ட் செய்து மாட்டினார். சில மாதங்களில் விரல்கள் அதற்கு அடங்கவில்லை. தகட்டை மறுபடி இளக்கி, கொஞ்சம் வளைத்துச் செய்தார். அதுவும் பொருந்தாமல் போயிற்று. புதிதாக ஒன்று, இன்னும் வளைவாக. அலமாரிக்குள் அவை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகமாக மூடிய கை. குழந்தையின் காலணிகள் வருடாவருடம் பெரிதாகிப் போகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலமாரியை அக்கா எனக்குக் காட்டியபோது, அந்தக் காலணிகள்தான் நினைவுக்கு வந்தன. "ஒவ்வொரு கட்டத்துக்கும் எங்க புஸ்தகத்துல ஒரு பேரு இருக்கு. எல்லாப் பேரும் எனக்குத் தெரியும்" என்று கதவைச் சாத்தினார்.

விடுமுறைக்கு வந்த மகள், அப்பாவுக்கு அம்மா ஊட்டுவதை வாசலில் நின்று பார்த்தாள். அப்பா உறங்கிய பிறகு கேட்டாள்: "அம்மா, இதையே வேற யார் வீட்டுலயாவது பாத்திருந்தா அவங்களச் சும்மா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் ஏம்மா?"

"வேத்தாளு அழுதா எனக்குத் தாங்கும்டி."

ஊருக்குப் போகிறவரை மகளும் அப்பாவுக்கு ஊட்டினாள்.

கணவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலோடு ஒடுங்கினார். கடைசி நாட்களில் பேச்சும் இல்லை. ஊட்டி முடித்து வாயைத் துடைக்கும்போது, நன்றாக இருந்த இடது கையை நீட்டி அக்காவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாராம், லிஃப்ட்டைத் தட்டுகிற மாதிரி. ஒரு குளிர்கால வாரத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய தேதி அதற்கு வெகுமுன்பே வந்து போயிருந்தது. அக்கா அதைக் கவனிக்கவும் இல்லை.

என்னோடு வந்து இரு என்றாள் மகள். அக்காவுக்குப் போக மனமில்லை. தனி வீட்டில் இருக்கவும் முடியவில்லை. "சோத்த மசிச்சிடறேன். மசிச்சு முடிச்சப்புறம்தான் யாருக்குன்னு யோசிக்கிறேன்." ஒரு காலை கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் நல்ல மனிதர். பழைய எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலம் காலாவதியாகக் கிடந்தால் புதுப்பிக்க முடியாது; மறுபடி வகுப்பு, தேர்வு, பிறகு இன்னொரு தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் வேலை, எல்லாம் முதலிலிருந்து என்றார். இடையில் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். அக்கா சொன்னார். அலுவலரின் முகம் இளகியது.

"அட, அப்ப வேல பாத்துக்கிட்டுத்தானே இருந்திருக்கீங்க! அவருக்கு வீட்டுல நீங்கதான் தெரபி குடுத்தீங்கன்னு அவரப் பாத்த டாக்டர் எழுதிக் குடுத்தா போதும்மா. அந்த வருஷங்களச் சேத்துக்கலாம். விதியில எடம் இருக்கு. தேர்வே வேண்டியதில்ல."

"இல்லைங்க" என்றார் அக்கா. "நான் தெரபி குடுக்கல."

"என்னம்மா சொல்றீங்க? இத்தனை வருஷம்..."

"பொண்டாட்டியா இருந்தேன். அத நீங்க சேத்துக்கக் கூடாது."

அலுவலர் ஏதோ பிடிவாதம் என்று நினைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை எடுத்துச் சொன்னாராம். அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, வகுப்பில் சேர்ந்தார்.

கணினித் தேர்வன்று அக்கா அறைக்குள் நுழைந்ததும் இளம் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், கண்காணிக்க வந்த மேடம் என்று. "உக்காருங்க உக்காருங்க, நானும் உங்க செட்டுதான்" என்றாராம். தேறிவிட்டார். மீதி இருந்தது மேற்பார்வையில் வேலை; ஒவ்வொரு பயிற்சிக்கும் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ். தான் முன்பு பணிபுரிந்த அதே அறைக்கு, லைசென்ஸ் இல்லாத பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். நான் மணிக்கட்டோடு போய்ச் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

மேற்பார்வை செய்தவரை அந்தப் பிரிவில் சின்ன மேடம் என்பார்கள். அக்காவுக்கு மகள் வயது. பேச்சு குறைவு, பார்வை கூர்மை. அக்காவின் கணவருக்கு அன்று கரண்டி பிடிக்கப் பழக்கியவர்களில் அவரும் ஒருவர். அக்கா வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். தெரிந்ததாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

என் மேஜைக்கு அடுத்த மேஜையில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் உட்காருவார். அவருக்கும் பக்கவாதம், வலது பக்கம்தான். கூடவே மனைவி. மெலிந்த, படபடப்பான பெண்மணி. கையில் எப்போதும் ஒரு துண்டு. கணவர் வாயோரம் ஈரம் கண்டால் போதும், துண்டு பறந்து வரும். அன்று தபால்காரர் தானே உண்ணப் பழக வேண்டும். அக்கா கரண்டியைக் கொடுத்தார். அவர் அள்ளுவதற்குள் மனைவி அதை வாங்கி, நாலு வாய் ஊட்டி, கிண்ணத்தைக் காலியாக்கிவிட்டார். வெகு சாமர்த்தியமான ஊட்டல், ஒரு பருக்கை சிந்தவில்லை. அக்கா ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் சின்ன மேடம் பக்கத்தில் வந்தார். நான் களியைப் பிசைகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"அக்கா, அந்தம்மா ஊட்டுனப்போ நீங்க அங்க இல்ல."

"ஆமா."

"ஏன்னு தெரியும். தெரிஞ்சாலும் என்னால கையெழுத்துப் போட முடியாதுக்கா. அவரு கை மூடிக்கும்."

"போடாதம்மா" என்றார் அக்கா. "இதுக்குப் போட்டேன்னா நான்தான் உன்மேல வருத்தப்படுவேன்."

லைசென்ஸ் பிறகு அவருக்குக் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது அட்டை வந்து, இப்போது அவர் பெயருக்கு முன்னால் பயிற்சி என்ற சொல் இல்லை. இந்த வருடப் புதுப்பித்தல் வகுப்புக்கும் முணுமுணுத்தபடி போய் வந்தார். நான் சொல்ல வந்தது அந்தக் கடைசிக் கையெழுத்து விழுந்த நாளைப் பற்றி.

தபால்காரரும் மனைவியும் வந்திருந்தார்கள். அக்கா இம்முறை மனைவிக்கும் ஒரு நாற்காலி போட்டு, கணவரின் கை எட்டாத தூரத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். சின்ன மேடம் கதவருகே நின்றார்.

"இன்னைக்கு ஐயாவே சாப்பிடட்டும்மா. நாம ரெண்டு பேரும் சும்மா இருப்போம்."

"அவரால ஆகாதுங்க. வீட்டுல பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"ஆகாதுதான், ஒரேயடியா ஆகாது. கொஞ்சம் சிந்தும். சிந்தட்டும்."

தபால்காரர் கரண்டியைக் கிண்ணத்துக்குள் விட்டார். அள்ளியது பாதி வழியில் கவிழ்ந்தது. மனைவி பாதி எழுந்தார். அக்கா தலையசைத்ததும் உட்கார்ந்தார். தபால்காரர் மறுபடி அள்ளினார். இம்முறை தாடையில் பட்டுச் சட்டைக்குள் இறங்கியது. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மனைவியால் தாங்கமுடியவில்லை.

"காலையிலேர்ந்து பசியோட இருக்காருங்க! உங்களுக்கெல்லாம் கண்ணே இல்லையா? படிச்சுட்டா மனசு மரத்துப் போயிடுமா?" துண்டைக் கையில் முறுக்கினார். "உங்க வீட்டுக்காரருக்கு இப்படி வந்திருந்தா, நீங்க பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

பொத்தான் சட்டையோடு இருந்த ஓட்டுநர் நிமிர்ந்தார். சின்ன மேடம் ஓரடி முன்னால் வந்து, நின்றுகொண்டார்.

"உக்காந்திருக்க மாட்டேம்மா" என்றார் அக்கா. குரலில் கோபமும் இல்லை, பாடம் சொல்கிற தொனியும் இல்லை. "என்னால முடியல. ஊட்டிட்டேன்."

அந்தப் பெண்மணி அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப... அவரு எப்பிடி இருக்காரு?"

அக்காவின் பார்வை தபால்காரரின் வலது கைக்குப் போயிற்று.

கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. தபால்காரர் யாரையும் பார்க்காமல், பற்களைக் கடித்துக்கொண்டு, மூன்றாவது தடவையாக அள்ளிக்கொண்டிருந்தார். கரண்டி ஆடி ஆடி மேலே வந்தது. உதட்டருகே வந்து சாய்ந்தது. பாதி வாய்க்குள் போயிற்று, பாதி மோவாயில் வழிந்தது. மனைவியின் கை துண்டோடு தானாக நீண்டது. அக்கா அந்தத் துண்டை மெல்ல உருவி எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். வெறுமையாகி அந்தரத்தில் நின்ற அந்தக் கைக்குள் தன் கையைக் கொடுத்தார்.